5½ வயசு பையனுக்கு நீச்சல் கிளாஸ் எப்படி பார்த்து சேர்க்கறது? 3 வயசு பாப்பாவையும் சேர்க்கலாமா?

ரெண்டு_வாலு_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிச்சு உங்களுக்கு தெரிஞ்சத சொல்லுங்க ப்ளீஸ். நாங்க சென்னை மேடவாக்கம் பக்கம் இருக்கோம். பையனுக்கு 5½ வயசு, யூகேஜி முடிச்சுட்டான், பாப்பாவுக்கு இப்பதான் 3 முடிஞ்சுது.

போன மாசம் ஈசிஆர்ல ஒரு ரிசார்ட்டுக்கு குடும்பத்தோட போயிருந்தோம். சின்ன பசங்க குளம், இடுப்பளவு தண்ணிதானேன்னு பையன விட்டுட்டு நான் படியில உக்காந்து பாப்பாவுக்கு பிஸ்கட் பிரிச்சு குடுத்துட்டு இருந்தேன். அந்த சின்ன குளம் அப்படியே சரிஞ்சு போய் பெரிய குளத்தோட சேருதுன்னு எனக்கு தெரியாது, நடுவுல ஒரு கயிறு மட்டும்தான் கட்டியிருந்துச்சு. நிமிர்ந்து பார்க்கறேன், பையன் தலை மட்டும் தெரியுது, வாய் தண்ணி மட்டத்துல இருக்கு, கண்ணு என்னையே பார்க்குது. கத்தல, கைய ஆட்டல, சத்தமே இல்ல. நான் விளையாடறான்னுதான் நினைச்சேன். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருந்ததால ஒரே எட்டுல இழுத்துட்டார், கொஞ்சம் தண்ணி குடிச்சு இருமினான், வேற ஒண்ணும் ஆகல. ஆனா எனக்கு இன்னும் ராத்திரி அந்த கண்ணுதான் ஞாபகம் வருது.

அதுக்கப்புறம் இவனுக்கு தலைக்கு தண்ணி ஊத்தினாலே பயம், குளிக்கற மக்க கையில எடுத்தா ரெண்டு கையாலயும் முகத்த மூடிக்கறான். இப்ப எங்க அபார்ட்மெண்ட் குளத்துல ஏப்ரல்ல இருந்து 12 நாள் கேம்ப் போடறாங்க, ஒரு பேட்ச்ல 15 பேர், ஒரே ஒரு கோச், "12 நாள்ல நீந்த வெச்சுடுவோம்"னு நோட்டீஸ். இன்னொரு இடம் கொஞ்சம் தள்ளி இருக்கு, வாரம் 2 நாள், வருஷம் பூரா நடக்குது, ஒரு கோச்சுக்கு 4 பசங்க, ஆனா காசு டபுள். எது நல்லது? இவ்ளோ பயத்தோட இருக்கற பையன இப்பவே சேர்க்கலாமா, இல்ல பயம் தெளியற வரைக்கும் விடணுமா? பாப்பாவுக்கு 3 வயசு போதுமா? சளி பிடிக்கும், காது வலிக்கும், ஏழு வயசாகட்டும்னு எங்க மாமியார் சொல்றாங்க, அவங்களும் பேரன் மேல இருக்கற அக்கறையிலதான் சொல்றாங்க. எனக்கும் நீச்சல் தெரியாது, அதனால எத பார்க்கணும், என்ன கேக்கணும்னு கூட தெரியல.

தண்ணி_டீச்சர்:

சிஸ், முதல்ல நீங்க உங்களயே குத்தம் சொல்லிக்காதீங்க. தண்ணில முழுகற குழந்தை கத்தாது, அதுக்கு மூச்சு இழுக்கவே நேரம் பத்தாது, அப்புறம் எங்க கத்தறது. கையும் மேல வராது, தண்ணிய கீழ அமுக்கத்தான் பார்க்கும். வெளியில இருந்து பார்த்தா சும்மா நிக்கற மாதிரிதான் இருக்கும். நான் கோயம்புத்தூர்ல 11 வருஷமா சின்ன பசங்களுக்கு சொல்லித் தர்றேன், இத எல்லா அம்மா அப்பாகிட்டயும் முதல் நாளே சொல்லிடுவேன்.

உங்க கேள்விக்கு வர்றேன். 15 பேருக்கு ஒரு கோச், அதுவும் நீச்சலே தெரியாத அஞ்சு வயசு பசங்க, அத கண்டிப்பா வேணாம்னு சொல்வேன். ஒருத்தன் கைய பிடிச்சு சொல்லித் தரும்போது மீதி 14 பேர யார் பார்க்கறது? இந்த வயசுக்கு ஒரு ஆளுக்கு 4 பேர், மிஞ்சிப் போனா 5. காசு டபுளா இருந்தாலும் அந்த ரெண்டாவது இடத்துக்கே போங்க. "12 நாள்ல நீச்சல்"னு சொல்றது பெரிய பசங்களுக்கு ஓரளவு சரி, ஒம்பது பத்து வயசுல உடம்ப சொன்னபடி ஆட்ட முடியும். அஞ்சு வயசு குழந்தை முதல் 12 கிளாஸ்ல முகத்த தண்ணில வெச்சு மூச்ச ஊதி, மல்லாக்க படுத்து மிதக்க கத்துக்கிட்டாலே அது நல்ல முன்னேற்றம். எங்கிட்ட வந்த பசங்கள்ல பாதிப்பேர் துணையில்லாம ஒரு அகலம் கடக்க ஒரு வருஷம் எடுத்திருக்காங்க.

சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா போய் ஓரமா உக்காந்து ஒரு முழு கிளாஸ் பாருங்க. பெத்தவங்கள உள்ள விடமாட்டோம்னு சொன்னா அங்கயே திரும்பிடுங்க. கோச் தண்ணிக்குள்ள இறங்கி நிக்கறாரா, இல்ல கரையில நின்னுட்டு விசில் ஊதறாரா? சின்ன பசங்களுக்கு சொல்லித் தர்றவர் தண்ணிக்குள்ளதான் இருக்கணும். கோச் வேற, லைஃப்கார்டு வேற, ரெண்டு பேரும் இருக்கணும். அந்த லைஃப்கார்டு கையில போன் இருக்கான்னு பாருங்க. ஷாலோ சைடுல உங்க பையன் நின்னா தண்ணி நெஞ்சுக்கு கீழ இருக்கணும், இல்லன்னா தண்ணிக்குள்ள ஒரு மேடை போட்டிருக்கணும். குளத்தோட அடியில இருக்கற டிரெயின் மூடி தெளிவா தெரியணும், அது தெரியாத அளவு கலங்கலா இருந்தா ஒரு குழந்தை அடியில கெடந்தாலும் தெரியாது.

என்ன சொல்லித் தர்றாங்கன்னு கேளுங்க. "முதல் வாரம் கிக்கிங், ரெண்டாவது வாரம் ஃப்ரீஸ்டைல்"னு சொன்னா எனக்கு திருப்தி இல்ல. அமெரிக்க செஞ்சிலுவை சங்கம் தண்ணில தப்பிக்க அஞ்சு விஷயம் தெரிஞ்சிருக்கணும்னு சொல்லுது, தலைக்கு மேல தண்ணி இருக்கற இடத்துல குதிச்சு மேல வரணும், ஒரு நிமிஷம் மிதக்கணும், ஒரு சுத்து திரும்பி எங்க கரை ஏறலாம்னு பார்க்கணும், 25 கஜம், அதாவது சுமார் 23 மீட்டர் போகணும், ஏணி இல்லாம கரை ஏறணும். அதுல ஸ்டைலா நீந்தணும்னு எங்கயும் இல்ல பாருங்க. நான் பசங்களுக்கு முதல்ல பழக்கறது சுவர பிடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல நகர்றது, அப்புறம் முழங்கைய மேல வெச்சு, வயித்த வெச்சு, முட்டிய வெச்சு தானே ஏறி வர்றது. உங்க பையன் அன்னிக்கு அப்படி சுவரோரமாவே நகர்ந்திருந்தா அவன் கைக்கு எட்டற தூரத்துல சுவர் இருந்திருக்கும்.

பயத்துக்கு, காத்திருக்க வேணாம் சிஸ், காத்திருந்தா பயம் கெட்டியாகும். ஆனா குளத்துல ஆரம்பிக்காதீங்க, பாத்ரூம்ல ஆரம்பிங்க. ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சு ஸ்ட்ரால பபுள்ஸ் விட சொல்லுங்க, அடுத்த நாள் ஸ்ட்ரா இல்லாம உதட்ட வெச்சு ஊதட்டும், அப்புறம் மூக்க வெச்சு. மக்க அவன் கையிலயே குடுங்க, அவனே தோள்ல ஊத்திக்கட்டும், கழுத்துல ஊத்திக்கட்டும், தலைக்கு எப்பன்னு அவன்தான் சொல்லணும். தண்ணி எப்ப வரும்னு அவனுக்கு தெரிஞ்சிட்டாலே பாதி பயம் போயிடும்.

மதுரை_அப்பா:

மேல டீச்சர் சொன்னத எங்க வீட்டுல நடந்தத வெச்சு சொல்றேன். மூத்த பொண்ணுக்கு அப்ப 5 வயசு, லீவுல ஒரு கேம்ப்ல சேத்தோம், பேரு வேணாம். மூணாவது நாள் பிள்ள இறங்க மாட்டேன்னு கம்பிய பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா, கோச் தூக்கி ஆழத்துல போட்டுட்டாரு, "எல்லாரும் இப்படித்தான் சார் கத்துக்கிட்டோம்"னு எங்கிட்டயே சொன்னாரு. நானும் அப்ப அத நம்பிட்டு வாய மூடிட்டு நின்னேன், அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் உறுத்துது, ஏன்னா அவ தண்ணிக்குள்ள இருந்து வெளிய வந்ததும் என்னத்தான் பார்த்தா. ரெண்டு வருஷம் குளத்துப் பக்கமே வரல, அழகர்கோயில் பக்கம் போனப்ப தண்ணித் தொட்டிய பார்த்தாலே என் வேட்டிய இறுக்கிப் பிடிச்சுக்குவா.

அப்புறம் 7 வயசுல ஒரு அக்காகிட்ட சேத்தோம். அந்த அக்கா முதல் நாள் பிள்ளைய தண்ணிக்குள்ளயே கூப்பிடல, படியில உக்கார வெச்சு கால மட்டும் நனைக்க சொல்லி அரை மணி நேரம் பேசிட்டே இருந்தாங்க. நாலாவது கிளாஸ்ல மல்லாக்க படுக்க வெச்சாங்க, அத நான் கிட்ட நின்னு பார்த்தேன். அந்த அக்காவோட ஒரு கை பிடரிக்கு கீழ, ஒரு கை இடுப்புக்கு கீழ. "மேல அந்த ஃபேன பாரு, காது ரெண்டும் தண்ணிக்குள்ள போகட்டும், வயித்த பலூன் மாதிரி வெச்சுக்கோ." பிள்ளையோட பத்து வெரலும் அந்த அக்கா கைய கவ்விட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு வெரலா தளருது. இடுப்புக்கு கீழ இருந்த கைய எடுத்தாங்க, பிடரிக்கு கீழ ரெண்டு வெரல் மட்டும் வெச்சிருந்தாங்க, அப்புறம் அதயும் எடுத்துட்டாங்க. எத்தன செகண்டுன்னு தெரியல, நான் மூச்சு விடல. அவளுக்கு கைய எடுத்தது தெரியவே இல்ல, ஃபேன பாத்துட்டே கெடந்தா.

அதனால நேரா ஒரு கேள்வி கேளுங்க, "குழந்தை அழுதா நீங்க என்ன செய்வீங்க?" பதில்ல "தூக்கிப் போட்டா சரியாயிடும்"ங்கற மாதிரி எது வந்தாலும் கும்பிட்டுட்டு வந்துருங்க. அட்வான்ஸ் போனா போகுது.

குழந்தை_டாக்டர்:

நான் குழந்தைகள் நல மருத்துவர், எனக்கும் ரெண்டு பசங்க. வயசு பத்தி முதல்ல. முன்னாடி அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கமே 4 வயசுக்கு மேலதான் சேர்க்கணும்னு சொல்லிட்டு இருந்தாங்க, 2010ல அத தளர்த்தினாங்க, 2019ல வந்த வழிகாட்டுதல்ல 1 வயசுல இருந்தே சேர்க்கலாம், 4 வயசாகும்போது பெரும்பாலான குழந்தைங்க கிளாஸுக்கு தயார்னு தெளிவா சொல்லிட்டாங்க. ஆக பையனுக்கு இது சரியான வயசு. பாப்பாவ அம்மாவோ அப்பாவோ கூட இறங்கற கிளாஸ்ல மட்டும் சேருங்க, தனியா விடற கிளாஸ் வேணாம். நீங்களும் கூட இறங்கினா உங்களுக்கும் தண்ணி பழகும்.

உங்க மாமியார் சொன்ன சளி விஷயம். சளி வைரஸால வருது, தண்ணியால வராது. ஆனா சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துடும்ங்கறது நெஜம்தான், உதடு நீலமாகி பல்லு அடிச்சுக்கிட்டா கிளாஸ் முடியலன்னாலும் வெளிய தூக்கிடுங்க, 30 நிமிஷம் போதும் இந்த வயசுக்கு. காதுக்கு, வெளிய வந்ததும் தலைய ஒரு பக்கம் சாய்ச்சு காது மடல மெதுவா இழுத்து விட்டா தண்ணி வடிஞ்சிடும், துண்டு முனையால வெளிய மட்டும் துடைங்க. பட்ஸ் வேண்டவே வேண்டாம், நல்லெண்ணெயும் ஊத்தாதீங்க. காது மடல தொட்டாலே வலிக்குதுன்னா வெளிக்காதுல இன்ஃபெக்‌ஷன் இருக்கலாம், காட்டிட்டு மருந்து போட்டு சரியானதும் திரும்ப போகலாம். காதுல சீழ் வர்ற, ஜவ்வுல ஓட்டை இருக்கற குழந்தைங்கள மட்டும் ஈஎன்டி டாக்டர கேக்காம இறக்க வேணாம். ஃபிட்ஸ் இருக்கற குழந்தைன்னா கோச்சுக்கு கண்டிப்பா சொல்லிடணும்.

குளோரின் வாடை குப்புனு அடிச்சா "நல்லா மருந்து போட்டு சுத்தமா வெச்சிருக்காங்க"ன்னு பல பேர் நினைக்கறாங்க, அது தப்பு. வேர்வையும் சிறுநீரும் குளோரினோட சேர்ந்து உண்டாகற குளோரமின்தான் அந்த வாடை, கண்ணு எரியறதும் அதாலதான். நல்லா பராமரிக்கற குளத்துல வாடை லேசாத்தான் இருக்கும். தண்ணியோட அமில, காரத் தன்மைய காட்டற பிஹெச் 7.2ல இருந்து 7.8, குளோரின் குறைஞ்சது 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு இருக்கணும், தினம் பார்த்து ஒரு போர்டுல எழுதி வெக்கற இடமா பாருங்க. அதே மாதிரி நம்ம பக்கமும் ஒரு கடமை இருக்கு, இறங்கறதுக்கு முன்னாடி குளிக்க வெக்கணும், ஒன்னுக்கு போக வெக்கணும், வயித்தால போற குழந்தைய கொண்டு போகவே கூடாது.

கையில மாட்டற காத்தடைச்ச வளையம், இடுப்பு ட்யூப் இதெல்லாம் விளையாட்டு சாமான், பாதுகாப்பு இல்ல. அதோட அது குழந்தைய செங்குத்தா நிக்க பழக்குது, நீந்தறதுக்கு படுக்கை வாட்டத்துல இருக்கணும். கைக்குழந்தைக்கு கழுத்துல மாட்டற ட்யூப் ஆன்லைன்ல விக்கறாங்களே, அதப் பத்தி அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2022லயே எச்சரிச்சிருக்கு, தயவுசெஞ்சு யாரும் வாங்காதீங்க.

இன்னொண்ணு, இத எல்லா பெத்தவங்களும் மனசுல ஏத்திக்கணும். தண்ணில இருந்து எடுத்த குழந்தைய தலைகீழா பிடிச்சு சுத்தறது, வயித்த அமுக்கி தண்ணி எடுக்கறது ரெண்டுமே கூடாது, வயித்துல இருக்கறது மேல வந்து மூச்சுக்குழாய்ல போயிடும், பொன்னான நிமிஷமும் போயிடும். மூச்சு இல்லன்னா முதல்ல வாயோட வாய் வெச்சு மூச்சு குடுக்கணும், அப்புறம் நெஞ்ச அழுத்தணும், பக்கத்துல இருக்கறவர் 108க்கு அடிக்கணும். இப்படி மூச்சு குடுத்து நெஞ்ச அழுத்தறதுதான் சிபிஆர், அந்த பயிற்சி எங்க குடுத்தாலும் கணவன் மனைவி ரெண்டு பேரும் ஒரு நாள் போயிட்டு வந்துடுங்க. உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி 2021ல உலகம் பூரா சுமார் 3 லட்சம் பேர் தண்ணில மூழ்கி இறந்திருக்காங்க, அதுல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு 5 வயசுக்கு கீழ இருக்கற குழந்தைங்க. வீட்டு பக்கெட்டும் சம்ப்பும் கூட ஆபத்துதான், உங்க பாப்பா வயசுக்கு நீச்சல் குளத்த விட பாத்ரூம் பக்கெட்ட கவுத்து வெக்கறது முக்கியம்.

கெணத்துக்காரன்:

நானு கோபி பக்கமுங்க. எங்களுக்கெல்லாம் கோச்சு, பீசு எதுவும் கெடையாது, எங்க பெரியப்பாதான் தோட்டத்துக் கெணத்துல சொல்லிக் குடுத்தாரு. காஞ்ச சொரக்குடுக்கைய கயித்துல கோத்து முதுகுல கட்டி உடுவாரு, அவரு படியில நின்னுக்கிட்டு கயித்து முனைய கையில சுத்தி வெச்சிருப்பாரு. முதல்ல பெரிய குடுக்கை, பத்து நாள் கழிச்சு சின்னது, அப்புறம் நமக்கு தெரியாமயே கழட்டிடுவாரு. யாரையும் தள்ளி உட்டதில்லீங்க. மேல மதுரை அண்ணன் சொன்ன அந்த அக்கா கைய எடுத்த மாதிரியேதான்.

ஆனா ஒண்ணு சொல்லோணும். கெணத்துலயும் குளத்துலயும் நீந்தினா ஆத்துல நீந்திடலாம்னு நெனைக்கக் கூடாதுங்க. பவானியிலயும் காவேரியிலயும் மேல பாத்தா அமைதியா போவும், அடியில இழுப்பு இருக்கும், மணல் எடுத்த குழி எங்க இருக்குதுன்னே தெரியாது. என் சித்தப்பா பையன் எங்க எல்லாரையும் விட நல்லா நீந்துவான், ஆத்துல போயிட்டான், அவன எடுக்கப் போன கூட்டாளியும் போயிட்டான். அதனால பசங்களுக்கு நீச்சல் சொல்லித் தரும்போதே இதயும் சேத்து சொல்லித் தாங்க, யாராச்சும் முழுகினா குதிக்கக் கூடாது, கத்தி ஆளக் கூப்படோணும், துண்டு, வேட்டி, கம்பு, காலி கேன் எது கெடச்சாலும் வீசோணும். 2020ல பெரம்பலூர் கொட்டரை அணையில மூணு பொம்பளைங்க கட்டியிருந்த சேலையவே அவுத்து வீசி ரெண்டு பசங்கள இழுத்துப் போட்டாங்க, அரசாங்கம் கல்பனா சாவ்லா விருது குடுத்துச்சு. என் பொண்ணுக்கு 6 வயசு, தோட்டத்துல தெனமும் பத்து தடவ காலி கேன்ல கயித்த கட்டி வீசிப் பழகறா.

ரெண்டு_வாலு_அம்மா:

படிச்சுட்டே அழுதுட்டேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கெணத்துக்காரன் அண்ணா, உங்க தம்பிய நினைச்சு மனசு கனத்துப் போச்சு. மாமியாருக்கு டாக்டர் எழுதினத முழுசா படிச்சு காட்டினேன், "காதுல எண்ணெய் ஊத்தக் கூடாதா"ன்னு மட்டும் ரெண்டு தடவ கேட்டாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க. அந்த 4 பேர் கிளாஸுக்கு சனிக்கிழமை போய் பார்க்கறேன்.

சிங்கை_அம்மா:

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். இங்க 2010ல இருந்து ஸ்விம்சேஃபர்னு ஒரு திட்டம் இருக்கு, ஆறு நிலை, அதுல பசங்கள சாதாரண உடுப்போடயும் நீந்த வெப்பாங்க. ஏன்னா தவறி விழற பிள்ளை நீச்சல் உடையிலயா விழும்? ஜீன்ஸும் டீசர்ட்டும் தண்ணில எவ்ளோ கனக்கும்னு என் மகனுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. உங்க பையன் நல்லா மிதக்க ஆரம்பிச்சதும் கோச்கிட்ட கேட்டு ஒரு நாள் ஸ்கூல் யூனிஃபார்மோட இறக்க சொல்லுங்க. அப்புறம் நீச்சல் உடை வாங்கும்போது நீலம், வெள்ளை, சாம்பல் வேணாம், தண்ணிக்குள்ள கலர் கரைஞ்சு போயிடும், பளிச்சுனு ஆரஞ்சோ ரோஸோ வாங்குங்க.

ரெண்டு_வாலு_அம்மா:

ஏழு வாரம் ஆச்சு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். சனிக்கிழமை போய் பார்த்த அன்னிக்கே அந்த கோச்கிட்ட மதுரை அண்ணா சொன்ன கேள்விய கேட்டேன், "அழுதா அன்னிக்கு படியிலயே இருக்கட்டும்மா, நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன்"னு சொன்னார், அப்பவே காசு கட்டிட்டேன். முதல் மூணு கிளாஸ் அப்படியேதான் படியிலயே போச்சு, வீட்டுக்காரர் கூட "வேஸ்ட்டோ"ன்னு கேட்டார். வீட்டுல ஸ்ட்ரா பபுள்ஸ் மட்டும் விடாம பண்ணோம். அஞ்சாவது கிளாஸ்ல முகத்த வெச்சான். இப்ப சுவர பிடிச்சுட்டு நண்டு நடை போட்டு ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு போறான், முட்டிய வெச்சு தானே ஏறறான், முட்டி ரெண்டும் செவந்து கெடக்கு, அத எல்லார்கிட்டயும் காட்டறான். மல்லாக்க மிதக்கறது இன்னும் வரல, காதுல தண்ணி போனா எழுந்துடறான்.

பாப்பாவோட நானும் இறங்கறேன், ஆரஞ்சு கலர் டிரஸ்ல. ஒரு சந்தேகம் டீச்சர், மிதக்க வைக்கும்போது அவன் கழுத்த தூக்கிடறான், இடுப்பு உடனே கீழ போயிடுது, இதுக்கு வீட்டுல ஏதாவது பழக்கலாமா?

தண்ணி_டீச்சர்:

சிஸ், ஏழு வாரத்துல தானா கரை ஏறறான்னா அது ரொம்ப பெரிய விஷயம். கழுத்துக்கு, ராத்திரி தூங்கப் போகும்போது கட்டில்ல தலகாணி இல்லாம மல்லாக்க படுக்க வெச்சு, அவனுக்கு பிடிச்ச பொம்மைய தொப்புள் மேல வெச்சு, அது விழாம மூச்சு விட சொல்லுங்க, கண்ணு மேல ஃபேனப் பார்க்கட்டும். காதுக்கு, குளிக்கும்போது ஒரு அகலமான டப்புல பின்னந்தலைய மட்டும் காது நனையற அளவு சாய்ச்சு வெச்சு உங்க கைய பிடரிக்கு கீழ குடுத்துட்டு ஏதாவது பாட்டு பாடுங்க, தண்ணிக்குள்ள காது இருக்கும்போது உங்க குரல் வேற மாதிரி கேக்கும், பசங்களுக்கு அது ரொம்ப பிடிக்கும். முடிஞ்சதும் டப்பு தண்ணிய உடனே கொட்டிடுங்க, பாப்பா இருக்கா வீட்டுல.